நீக்கப்பட்ட மூன்று தோள்கள்

சகாத்தா
செப்டம்பர் 14

கென்சாகு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும் என்று அம்மா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உனக்குப் பருவமும் கிடையாது, பனியும் கிடையாது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன் செய்யாதே. உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் நான் கத்துவேன், நீ "ம்... ம்..." என்பாய், கடைசியில் நானே "சரி விடு, சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவேன். நாற்பது வருடமாக இதுதான் நடக்கிறது. காகிதத்தில் நீ "ம்" போட முடியாது.

கூடத்தில் என்னோடு சமைக்கிற நெமோட்டோ உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். முழுசாக நான் சொல்கிறேன். ஜூனிலிருந்தே என் இடது தோள் இறுகிக்கொண்டு வந்தது. ஜூலையில் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோக முடியவில்லை. எலும்பு பிடித்துவிடும் ஆளிடம் போனேன், பிடித்து இழுத்தார், உயிர் போய்த் திரும்பி வந்தது. ஆகஸ்ட் இருபத்து நாலாம் தேதி எலும்பு டாக்டரிடம் போனேன். ஐம்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற தோள்வலிதான், ஓர் ஊசி போட்டால் இளகும் என்றார். ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"சுகர் இருக்காம்மா உங்களுக்கு?"

"இல்லைங்க."

"எப்ப பாத்தீங்க?"

"மே மாசம் வேலை செய்யற இடத்துல எடுத்தாங்க, நார்மல். அதுக்கு முன்னாடி பிப்ரவரியில டோக்கியோவுல பெரிய ஆஸ்பத்திரியில என் ரெண்டு தோளையும் ஏதோ புது மாதிரி எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. சர்க்கரை வந்தவங்களுக்கு மூட்டுக்குள்ள என்ன ஆகுதுன்னு ஆராய்ச்சி. நான் அதுல சர்க்கரை இல்லாதவங்க பக்கம். மெஷினை ஓட்டறதே என் தம்பிதான்."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப பயமில்ல" என்று ஸ்டீராய்டு ஊசியைத் தோளில் இறக்கினார்.

பெருமையாகச் சொன்னேன் கென்சாகு. என் தம்பி என்று பெருமையாகச் சொன்னேன்.

ஐந்தாம் நாள், பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில், ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகளுக்கான கறிக்குழம்பு அண்டாவின் முன்னால் விழுந்தேன். வெயில்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாவம், நெமோட்டோ என் தலையை மடியில் வைத்துக்கொண்டு இனிப்புச் சத்துபானம் இரண்டு பாட்டிலை வாயில் ஊற்றியிருக்கிறாள். ஆம்புலன்சில் பார்த்தபோது சர்க்கரை ஐந்நூற்று அறுபத்தெட்டு. அந்த ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை ஏற்றிவிடுமாம். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி.

அங்கே ஓர் இளம் டாக்டர், பெண். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பது புள்ளி எட்டு, இது நேற்று வந்த சமாசாரம் இல்லை, பல வருடமாக இருக்க வேண்டும் என்றாள். "பிப்ரவரியில எடுத்த படத்துல என்ன தெரிஞ்சுது?" என்று அவளும் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

ஒரே கேள்வி. பிப்ரவரியில் என் தோளில் எதையாவது பார்த்தாயா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

மிசாவோ


டோக்கியோ
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

புயல் கடந்துபோன பிறகு இங்கே காலைக் காற்றில் குளிர் தெரிகிறது. ஆற்றங்கரை முழுக்கச் சிவப்பு லில்லி பூத்திருக்கிறது. சகாத்தாவில் அறுவடை தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீ வீடு திரும்பிவிட்டாய் என்பது பெரிய ஆறுதல். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தேன், "அக்காவுக்குத் தம்பியைப் பார்க்க விருப்பமில்லை" என்று நர்ஸ் சொல்லித் திருப்பி அனுப்பினார். பரவாயில்லை.

உன் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. சாதாரண எம்.ஆர்.ஐ. எது கிழிந்திருக்கிறது, எது வீங்கியிருக்கிறது என்று காட்டும். நாங்கள் எடுப்பது வேறு. தசைநாருக்குள்ளும் மூட்டைச் சுற்றியிருக்கும் உறைக்குள்ளும் தண்ணீர் எப்படிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை எண்ணாக அளந்து, எண்ணுக்கு ஒரு நிறம் கொடுக்கிறோம். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் அது நாரோடு நாராக ஒட்டிக்கொள்ளும். சர்க்கரைப் பாகு பூசிக் காயவைத்த கணவாய் மீன் மாதிரி நார் விறைத்துப்போகும். வலி வருவதற்கு முன்பே இதைப் படத்தில் பார்க்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. முடியுமா என்று தெரியாது, அதனால்தான் ஆராய்ச்சி. ஒருவருடைய படத்தை வைத்து அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. வயது, வேலை எல்லாமே நிறத்தை மாற்றும்.

நீ கையெழுத்துப் போட்ட படிவத்தின் நான்காம் பக்கத்தில், தனிநபர் முடிவுகள் தெரிவிக்கப்பட மாட்டா என்று இருக்கிறது. அதே படிவத்தில் "சர்க்கரை நோய் இருப்பதாக எப்போதாவது சொல்லப்பட்டதுண்டா?" என்ற இடத்தில் நீ "இல்லை" என்று குறித்திருக்கிறாய். அதற்கு முந்தின வருட மே மாதச் சோதனைத் தாளையும் இணைத்திருக்கிறாய். வெறும் வயிற்றில் நூற்றொன்று. அக்கா, நான் கோபப்படக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பொய்யை எழுதிக் கொடுத்தது யார்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

கென்சாகு


சகாத்தா
செப்டம்பர் 25

கென்சாகு,

நான் ஆமாவா இல்லையா என்று கேட்டேன். நீ கணவாய் அனுப்பியிருக்கிறாய்.

உனக்கு எட்டு வயதில் எதிர்வீட்டுக் கண்ணாடியைப் பந்தால் உடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "சோகாய் மலை இன்னிக்கு எவ்ளோ தெளிவா தெரியுது பாருக்கா." எதையாவது மறைக்க வேண்டும் என்றால் உனக்கு வானிலை வந்துவிடும். ஆற்றங்கரையில் லில்லி பூத்திருக்கிறதாம். நான் இங்கே நாளைக்கு நாலு தடவை விரலைக் குத்திக்கொண்டிருக்கிறேன், இவன் லில்லி எழுதுகிறான்.

பொய் என்றாயே, அதற்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்டர், "எல்லைக்கோட்டுல இருக்கீங்க, பாத்துக்கோங்க" என்றார். எல்லைக்கோடு என்றால் இந்தப் பக்கம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். படிவத்தில் "இல்லை" என்று போட்டது அதனால்தான். சரி, முழுக்க அதனால் மட்டும் இல்லை. நீ சந்தோஷப்படுவாய் என்றும் போட்டேன்.

மே மாதத் தாளைப் பற்றிப் பேச உனக்கு வாய் எப்படி வந்தது? எங்கள் கூடத்தில் வருஷா வருஷம் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? ரத்தம் எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பிலிருந்து ஏழு பெண்களும் கொன்யாக்குக் கிழங்குமாவு உருண்டையை மட்டும் அவித்துத் தின்போம். மெல்ல முடியாத கல்லைத் தின்பதுபோல இருக்கும், வயிறு நிறையும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. சாயங்காலம் ஆற்றுப் பாலத்தைச் சுற்றி நடை. சர்க்கரை எண் அதிகமாக வருகிறவள் மற்ற ஆறு பேருக்கும் ராமென் நூடுல்ஸ் வாங்கித் தர வேண்டும். ஊசி குத்திய பஞ்சு கையில் இருக்கும்போதே ராமென் கடைக்கு ஓடுவோம். நாலு வருஷம் முன்பு நீ ஊரில் இருந்தபோது எங்களோடு உட்கார்ந்து பெரிய கிண்ணம் தின்றுவிட்டு, "ரத்தத்தையே ஏமாத்தறீங்களே, கெட்டிக்காரிகதான்" என்று சிரித்தது யார்? மெஷின் ஓட்டுகிறவனே சிரிக்கும்போது எங்களுக்கு என்ன பயம்?

ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேட்டிருக்கிறாயா? எண் அதிகமானால் தாள் நேராக மேலாளர் மேஜைக்குப் போகும். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு நர்ஸ் போன் செய்து ராத்திரிச் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வாள். சூடு ஆகாது என்று அண்டாவிலிருந்து தட்டுக் கழுவும் பக்கம் தள்ளுவார்கள். இருபத்திரண்டு வருஷம் நான் அண்டா முன்னால் நின்றவள். இப்போது எங்கே நிற்கிறேன் தெரியுமா? எங்கேயும் நிற்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஏப்ரனின் முடிச்சைப் பின்னால் போட முடியாதவளை அண்டாவுக்கு எப்படி விடுவார்கள்?

என் பொய்யை நான் சொல்லிவிட்டேன். இப்போது உன் முறை. பார்த்தாயா, இல்லையா?

மிசாவோ


டோக்கியோ
அக்டோபர் 5

அக்கா,

பார்த்தேன்.

இந்த வார்த்தையை எழுதப் பத்து நாள் ஆகியிருக்கிறது. மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்றிலும் முதல் வரி வானிலையாகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.

முழுசாகச் சொல்கிறேன். ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமானவர்கள் இருபத்து நான்கு பேர் வேண்டும். பிப்ரவரியில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். ஐம்பது தாண்டிய ஒருவர் குறைந்தார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் எண்ணிக்கை முடியாவிட்டால் அடுத்த வருடத்துக்கு நிதி கிடையாது. எங்கள் பிரிவு முழுக்கப் பித்துப் பிடித்தமாதிரி அலைந்துகொண்டிருந்தது. அப்போது உன்னை நினைத்தேன். நீ அந்தத் தாளை நீட்டியபோது கொன்யாக்கு எனக்கு ஞாபகம் வந்தது. வந்தது அக்கா. ஞாபகத்தை ஓரமாக வைத்துவிட்டு நூற்றொன்று என்று கணினியில் ஏற்றினேன். அப்படிப் பார்த்தால் நீ எழுதியது பாதிப் பொய்தான். மீதிப் பாதி என்னுடையது.

நீ ரயில் ஏறிய மறுநாள் கணக்குப் போட்டோம். உன் இரண்டு தோள்களும் சர்க்கரை வந்து பத்து வருடம் ஆனவர்களின் நிறத்தில் இருந்தன. பேராசிரியர் குசாகாபே பார்த்துவிட்டு, "என்னப்பா இது, வேலை செஞ்சு தேஞ்ச தோளைக் கொண்டாந்திருக்க. இது கன்ட்ரோலுக்கு, சுகர் இல்லாதவங்க பக்கத்துக்கு, ஆகாது" என்றார்.

நான் சொன்னேன்: "சார், அவங்க அண்டாவுல துடுப்புப் போட்டுக் கிண்டறது வலது கையில. இடது தோளும் அதே நிறத்துல இருக்கு. சுகரை ஒரு தடவை பாத்துக்கச் சொல்லிடலாமா?"

"தாள்ல நூத்தொண்ணுதானே இருக்கு? படத்தை வச்சு சுகர் சொல்ல முடியும்னு நாம இன்னும் நிரூபிக்கவே இல்ல. நிரூபிக்காததைப் போய் ஒருத்தர்கிட்ட எப்படிச் சொல்லுவ? ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும். படிவம் படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"அப்ப நீக்கிடு. இதே மாதிரி இன்னும் ரெண்டு இருக்கு பாரு, அதையும் எடு. புதுசா மூணு பேரைப் புடி."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் ஒரு வாக்கியம்கூட விதிக்குப் புறம்பானது இல்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. கணினிப் பட்டியலில் மூன்று பெயர்களைக் குறித்து நீக்குவதற்கான பொத்தானை அழுத்தினேன். உனக்குப் போன் செய்து, "எல்லாம் முடிஞ்சுதுக்கா, ரொம்ப நன்றி" என்றேன். நீ பேரிக்காய் ஒரு பெட்டி அனுப்பினாய். தின்றேன்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

கென்சாகு


சகாத்தா
அக்டோபர் 8

கென்சாகு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் நடந்தேன். இப்போது சாப்பிட்ட பிறகு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்று அதற்காக நடக்கவில்லை. வீட்டில் இருந்தால் எதையாவது உடைத்திருப்பேன்.

நீக்கிடு! என்னையா? அழுகின முள்ளங்கியை எடுத்து வாளியில் போடுவதுபோல! ஆரோக்கியமான தோள் மாதிரி இல்லை என்று தெரிந்தது. அப்படியானால் இவள் ஆரோக்கியமானவள்தானா என்று ஒருத்தருக்குமா தோன்றவில்லை? தாளில் இருந்த எண் சரி, ஆள்தான் தப்பு, இல்லையா? இவ்வளவு பெரிய மெஷின், இத்தனை படிப்பு. கடைசியில் நம்பியது ஏழு பெண்கள் கொன்யாக்குத் தின்று வாங்கிய ஒரு சர்க்கரை எண்ணைத்தான். எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்தால் தோள் வலிக்கிறது.

உங்கள் மெஷின் என்னைச் சரியாகப் பார்த்தது கென்சாகு. அது மட்டும்தான் என்னைச் சரியாகப் பார்த்தது. அதன் வாயை நீங்கள் பொத்திவிட்டீர்கள்.

என் கதை போகட்டும். இன்னும் ரெண்டு இருக்கு என்றாரே, அவர்கள் யார்? அவர்களுக்கும் யாரோ ஒரு டாக்டர் இப்போது ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "சுகர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர்களும் பெருமையாக, "பெரிய ஆஸ்பத்திரியில படம் எடுத்தாங்க, ஒண்ணும் சொல்லல" என்பார்கள். உங்கள் மௌனத்தைச் சான்றிதழ் மாதிரி எடுத்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்காவது திட்டுவதற்குத் தம்பி இருக்கிறான். அவர்கள் யாரைத் திட்டுவார்கள்?

அவர்களுக்குச் சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே. பேரிக்காயும் வராது.

மிசாவோ


டோக்கியோ
நவம்பர் 19

அக்கா,

இன்றுதான் எழுதத் தகுதி வந்திருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாளே பேராசிரியர் அறைக்குப் போனேன் என்று எழுத ஆசை. போகவில்லை. எட்டு நாள் கழித்துப் போனேன். முதலில் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உன் அக்காங்கறதாலதானே இவ்வளவு துடிக்கற?" என்றார்.

"ஆமா சார். அக்காங்கறதாலதான் எனக்கே தெரிய வந்துச்சு. மத்த ரெண்டு பேரும் யாரோட அக்கா, யாரோட அண்ணன்னு எனக்குத் தெரியாது. அதான் பயமா இருக்கு."

"நீ மெஷின் ஓட்டற ஆளு. முடிவு எடுக்கறது டாக்டருங்க."

"படுக்க வச்சு, தோளுக்கு அடியில தலையணை வச்சு, 'அசையாம இருங்க, இன்னும் பத்தே நிமிஷம்'னு அவங்ககிட்ட சொன்னது நான்தான் சார். அவங்க என்னை நம்பித்தான் அசையாம படுத்திருந்தாங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். இந்தக் கட்டடத்தில் யாரும் ஒரு பேராசிரியரிடம் அப்படிப் பேசியதில்லை. மறுநாள் என்னை ஆராய்ச்சி மெஷினிலிருந்து எடுத்து, வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போகும் எக்ஸ்ரே வண்டிக்கு மாற்றினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வண்டி தள்ளுகிறேன். பரவாயில்லை, எனக்கும் நடை வேண்டியிருந்தது.

நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். கொன்யாக்கு உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரைப் போட்டேன். மூன்று கூட்டம் நடந்தது. ஒருவர், "தேவையில்லாத பீதியைக் கிளப்பக் கூடாது" என்றார். தலைவியாக இருந்த வயதான வழக்கறிஞர் அம்மா, "ஒரு போன் போட்டு 'ரத்தம் ஒரு தடவை பாத்துக்கோங்க'ன்னு சொல்றது பீதியா?" என்று கேட்டார். அதோடு முடிவாயிற்று.

இரண்டு பேரையும் போன வாரம் கூப்பிட்டார்கள். ஒருவர் பள்ளிக்கூட நீச்சல் ஆசிரியர். அவருக்குச் சர்க்கரையே இல்லை, உண்மையிலேயே நீந்தித் தேய்ந்த தோள். அதில் பேராசிரியர் சொன்னது சரி. இன்னொருவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கு எட்டு புள்ளி ஒன்பது. விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கியிருக்கிறதாம். தினமும் முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நல்லவேளை, சிகிச்சை ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் மனைவி எங்கள் பிரிவுக்கு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "பிப்ரவரியில தெரிஞ்சதை நவம்பர்ல சொல்றீங்களே, நடுவுல என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?"

அப்படியே உன் குரல் அக்கா. தலையைக் குனிந்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நிமிர்ந்தபோது அவர் போயிருந்தார்.

கென்சாகு


சகாத்தா
டிசம்பர் 2

கென்சாகு,

அந்த அம்மாளை எனக்குப் பிடித்திருக்கிறது. விலாசம் தெரிந்தால் அவருக்குப் பேரிக்காய் அனுப்புவேன். உனக்கும் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன், வண்டி தள்ளுகிறவனுக்குத் தெம்பு வேண்டும். நான் இந்த வருடம் அரைப் பழம்தான். அதையும் எடை போட்டுத் தின்கிறேன், கேவலமாக இருக்கிறது.

இங்கே ஒரு கூத்து நடந்தது. போன மாதம் கூடத்துக்குப் போய் ஆறு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நெமோட்டோ அழுதாள். அந்த இரண்டு பாட்டிலை நினைத்து இன்னும் அழுகிறாள். பிறகு அவளே எழுந்து, "அப்ப நாமளும் ஒரு தடவை ஏமாத்தாம பாப்போமே" என்றாள். கொன்யாக்கு இல்லாமல், நடை இல்லாமல், முந்தின நாள் ராமென் தின்றுவிட்டு, மூன்று மாதச் சர்க்கரை பார்க்கும் சோதனைக்கு ஆறு பேரும் சேர்ந்து போனார்கள். இரண்டு பேருக்கு இருக்கிறது. ஒருத்தி நெமோட்டோ.

தாள் மேலாளர் மேஜைக்குப் போனதும் அவர் நெமோட்டோவைத் தட்டுக் கழுவுகிற பக்கம் போகச் சொன்னார். நான் இன்னும் விடுப்பில்தான் இருக்கிறேன், ஆனாலும் போனேன். "சுகர் இருக்கறவ குழம்பு கிண்டினா குழம்பு கெட்டுப் போயிடுமாங்க? உண்மையைச் சொன்னா தண்டனைன்னா, அடுத்த மே மாசம் எல்லாரும் மறுபடியும் கொன்யாக்குதான். இன்னொருத்தி அண்டா முன்னாடி விழுவா. அப்ப ஆயிரத்து எண்ணூறு தட்டையும் நீங்களே நிரப்புங்க" என்றேன்.  நெமோட்டோ இப்போது அண்டா முன்னால்தான் நிற்கிறாள். மதியம் ஊசி போட்டுக்கொள்ள அவளுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

என் தோள் அப்படியேதான் இருக்கிறது. சர்க்கரை ஏழு புள்ளி ஒன்றுக்கு வந்திருக்கிறது. தோளுக்கு அது இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என்னை நீக்கினீர்களே, மறுபடியும் சேர்த்துக்கொள்ள முடியுமா? இந்த முறை சரியான பக்கத்தில். இருபத்து நாலாவது ஆரோக்கியசாலியாக வேண்டாம். நான் உண்மையில் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்தில்.

மிசாவோ


டோக்கியோ
ஜனவரி 16

அக்கா,

முடியும். இதனுடன் புதுப் படிவம் அனுப்பியிருக்கிறேன். நான்காம் பக்கத்தைப் பார். பழைய வாக்கியம் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: "உங்கள் படத்தில் கவலைப்பட வேண்டியது ஏதேனும் தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

என்னை மறுபடியும் ஆராய்ச்சி மெஷினுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பேராசிரியரே வந்து, "தோளை உன்னை மாதிரி யாரும் படுக்க வைக்க மாட்டேங்கறாங்க" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் கட்டுரையின் திருத்திய பிரதியில், ஆரோக்கியமானவர்களை வெறும் வயிற்றுச் சர்க்கரை எண்ணை மட்டும் நம்பிச் சேர்த்தது பிழை என்று அவரே ஒரு பத்தி எழுதியிருக்கிறார்.

மார்ச் ஆறாம் தேதி வர முடியுமா?

கென்சாகு


சகாத்தா
ஜனவரி 20

கென்சாகு,

வருகிறேன்.

"சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டதுண்டா" என்ற இடத்தில் "ஆம்" போட்டிருக்கிறேன். எப்போதிலிருந்து என்ற இடத்தில் ஆறு வருடம் என்று போட்டிருக்கிறேன், எல்லைக்கோட்டிலிருந்தே எண்ணி. நான்காம் பக்கத்தில் குறி போட்ட வேகத்தில் காகிதம் கிழிந்துவிட்டது, ஒட்டி அனுப்பியிருக்கிறேன். "இல்லை" என்று ஒரு கட்டம் எதற்கு வைத்திருக்கிறீர்கள்? எந்த மடையன் அதில் குறி போடுவான்?

இந்த முறை ஏதாவது தெரிந்தால், அது எவ்வளவு சின்னதானாலும், எவ்வளவு மோசமானாலும், அன்றே சொல்ல வேண்டும். உன் கடிதம் மழை, பனி, பூ என்று ஆரம்பித்தால் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவேன்.

மிசாவோ


டோக்கியோ
மார்ச் 6, மாலை ஐந்தரை மணி

அக்கா,

இடது தோள் மாறவில்லை. வலது தோளின் நிறம் போன வருடத்தைவிட ஏறியிருக்கிறது. உன் சர்க்கரை இறங்கிவிட்டது, ஆனால் ஒட்டிய சர்க்கரை நாரை விட்டு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. இறங்காமலே போகலாம். வலது கையும் இடது கையைப்போல இறுகக்கூடும், வலிக்கத் தொடங்குவதற்கு முன்பே பயிற்சி ஆரம்பிக்க வேண்டும். அண்டாவுக்குத் திரும்புவதைப் பற்றி உன் டாக்டரிடம் பேச வேண்டும். படங்கள் எல்லாவற்றையும் அவருக்காகக் குறுந்தட்டில் பதிந்து எடுத்துக்கொண்டேன். பேராசிரியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நீ மூன்று மணி ரயிலில் ஏறிய பிறகுதான் கணக்கு முடிந்தது. முடிந்து நாற்பது நிமிடம் ஆகிறது. நீகாத்தாவில் நீ வண்டி மாறிக்கொண்டிருப்பாய். என் நம்பரை நீ இன்னும் திறக்கவில்லை, மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

"இல்லை" கட்டத்தில் இருபது பேரில் ஒருவர் குறி போட்டிருக்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன் செய்து, யோசித்துத்தான் போட்டீர்களா என்று கேட்டேன். யோசித்துத்தான் போட்டாராம். அது அவர் இஷ்டம்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. தபாலுக்கு இரண்டு நாள் ஆகும், நீ அன்றே என்று சொல்லியிருக்கிறாய். ஆறே காலுக்கு ஒரு புல்லட் ரயில் இருக்கிறது. ராத்திரி உன் வீட்டு வாசலில் நின்று மணியடிப்பேன், கையில் இந்தக் காகிதத்தோடு. திட்ட வேண்டியதை எல்லாம் அதுவரை சேர்த்து வை.

வெளியே என்ன வானிலை என்று பார்க்கவில்லை.

கென்சாகு